ஸ்பைனலுக்குப் பின் பிபி இறங்குமா: முன்கூட்டிக் கணிப்பதா, எல்லோருக்கும் மருந்து ஓட்டுவதா?

சின்ன ஊர் ஒன்றில் மகப்பேறு மருத்துவமனை நடத்தும் நண்பர் ஒருவர் போனில் கூப்பிட்டார். உபகரணம் வாங்க ஓரளவு பணம் ஒதுக்கி வைத்திருக்கிறார். விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வந்து ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டரைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். சிசேரியனுக்கு முதுகில் மரப்பு ஊசி (ஸ்பைனல்) போட்டால் யாருக்குப் பிபி இறங்கும் என்று ஊசிக்கு முன்பே அது காட்டிக்கொடுத்துவிடுமாம். சாதாரண ஆக்சிமீட்டரைவிடப் பல மடங்கு விலை. அதை வாங்குவதா, அதே பணத்தில் மருந்தை அளந்து சீராகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் வாங்குவதா என்பதுதான் அவர் கேள்வி.

பம்ப் வாங்குங்கள் என்றேன். காரணத்தைப் போனில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதை இங்கே விரித்து எழுதுகிறேன். மயக்க மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படலாம். வீட்டில் பிரசவத்தை எதிர்பார்த்துக்கொண்டிருப்பவர்களும் படிக்கலாம். ஆனால் இதிலுள்ள மருந்து அளவுகள் தியேட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்.

முதலில், பிபி ஏன் இறங்குகிறது? இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் இடைவெளியில் மெல்லிய ஊசி வழியாக ஹெவி புபிவகெய்ன் என்ற மரப்பு மருந்தை 2 மில்லி சொச்சம் போடுகிறோம். குழந்தையை எடுக்கும்போது தாய்க்கு வலி தெரியாமல் இருக்க, மரப்பு மார்புக் காம்பு மட்டம் வரை ஏற வேண்டும். அவ்வளவு உயரம் ஏறினால், ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் சிம்பதெடிக் நரம்புகளும் சேர்ந்து அடங்கிவிடும். குழாய்கள் தளரும், அழுத்தம் விழும். நிறைமாதக் கர்ப்பப்பை வேறு அடியிலுள்ள பெரிய சிரையை அழுத்திக்கொண்டிருப்பதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். தடுப்பாக எதுவும் செய்யாமல் விட்டால் பத்தில் ஆறேழு பேருக்குப் பிபி இறங்குவது சாதாரணம்.

ஊசி போட்டுப் படுக்க வைத்த சில நிமிடங்களில் அந்தப் பெண் கொட்டாவி விடுவார். முகம் வெளிறும். "டாக்டர், என்னமோ பண்ணுது, குமட்டுது" என்பார். கையில் கட்டிய பிபி பட்டை அப்போதுதான் காற்றடிக்கத் தொடங்கியிருக்கும். மானிட்டரில் இன்னும் போன நிமிடத்து 118 நிற்கும். பட்டை இறங்கி 78 என்று காட்டும்போது அவர் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார். தாய்க்கு இது பெரும்பாலும் சில நிமிட அவஸ்தையோடு முடிந்துவிடும். குழந்தையின் விஷயம் அப்படியில்லை. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்குச் சுமார் 700 மில்லி ரத்தம் போகிறது. அழுத்தம் குறைந்தாலும் மூளை தன் ரத்த ஓட்டத்தை ஓரளவு தானே சமாளித்துக்கொள்ளும். நஞ்சுக்கொடிக்குப் போகும் ஓட்டத்துக்கு அந்தத் திறமை கிடையாது. தாயின் பிபி எவ்வளவோ, குழந்தைக்குப் போவதும் அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் இது தினசரிப் பிரச்சினை. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் மட்டும் பார்த்தால் 63.8 சதவீதம். பெரும்பாலானவை ஸ்பைனலில்தான் நடக்கின்றன.

கணிப்புக் கருவிகளைப் பார்ப்பதற்கு முன் ஒரு தலைவலியைச் சொல்லிவிட வேண்டும். "பிபி இறங்கியது" என்றால் எவ்வளவு இறங்கியது? 2010இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் 63 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 15 விதமான வரையறைகள் இருந்தன. ஒரே பெண்கள் கூட்டத்தின் மேல் அந்த வரையறைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தபோது, பிபி இறங்கியவர்களின் விகிதம் 7.4 சதவீதத்திலிருந்து 74.1 சதவீதம் வரை போய் வந்தது. ஆகவே "எங்கள் கருவி 80 சதவீதம் சரியாகச் சொல்கிறது" என்று யாராவது சொன்னால், எதைச் சொல்கிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வார்டில் 112 இருந்த பெண்ணுக்குத் தியேட்டர் மேசையில் 138 காட்டும். பயம், குளிர், தலைக்கு மேல் விளக்கு. 138இலிருந்து 20 சதவீதம் குறைந்தால் 110. அதாவது தன் இயல்பான பிபிக்குத் திரும்பிய பெண்ணையும் பிபி இறங்கியவர் பட்டியலில் சேர்த்துவிடுவோம். ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது மேல் கையில் அளந்தால் நேர் எதிர்ப் பிழை வரும். பட்டை இதயத்துக்கு 10 சென்டிமீட்டர் மேலே இருந்தால் 7, 8 புள்ளி குறைவாகக் காட்டும். அடிப்படை பிபியைச் சரியாக எடுக்காமல் செய்யும் கணிப்பு எதுவும் தேறாது.

சரி, நம் முன்னால் உள்ள வழிகள் மூன்று. இறங்கட்டும், இறங்கினால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது ஒன்று. யாருக்கு இறங்கும் என்று கணித்து அவர்களுக்கு மட்டும் முன்கூட்டி மருந்து கொடுப்பது இரண்டு. ஸ்பைனல் போட்ட எல்லோருக்கும் ஊசி போட்ட கையோடு மருந்து ஓட்டுவது மூன்று.

முதல் வழியை நான் விவாதிக்கவே போவதில்லை. பத்தில் ஆறு பேருக்கு வரும் என்று தெரிந்த ஒன்றை வந்த பிறகு பார்ப்போம் என்பது வைத்தியமாகாது. பல இடங்களில் இன்றும் அதுதான் நடக்கிறது என்பது வேறு விஷயம். ஊசிக்கு முன் ஒரு லிட்டர் ஆர்எல் (ரிங்கர் லாக்டேட் சலைன்) வேகமாக ஏற்றிவிட்டால் போதும் என்ற பழைய நம்பிக்கையும் இதில்தான் சேரும். முன்னால் ஏற்றிய சலைன் குழாய்க்குள் வெகு நேரம் தங்குவதில்லை. ஊசி போடும் நேரத்திலேயே சேர்த்து ஏற்றுவது கொஞ்சம் பரவாயில்லை. தனியாக அதுவும் போதாது.

இரண்டாவது வழிதான் கவர்ச்சியானது. அதில் பல கருவிகள், பல சோதனைகள்.

கருவி என்று சொல்லக்கூட முடியாத ஒன்றிலிருந்து தொடங்கலாம்: நாடித்துடிப்பு. 2002இல் வந்த ஒரு சிறிய ஆய்வு, ஊசிக்கு முன்பே நிமிடத்துக்கு 90க்கு மேல் துடிப்பு இருப்பவர்களுக்குப் பிபி இறங்கும் வாய்ப்பு அதிகம் என்றது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். ஏற்கெனவே சிம்பதெடிக் நரம்புகளின் தயவில் பிபியைத் தூக்கிப் பிடித்திருப்பவருக்கு, அந்த நரம்புகளை அணைத்தால் சரிவும் பெரிதாக இருக்கும். ஆனால் நம் ஊரில் ஒரு கர்ப்பிணிக்கு நாடி 100 இருக்கப் பல காரணங்கள் உண்டு. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ரத்தசோகை. ராத்திரியிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவிடாமல் காலை பதினொரு மணிக்கு மேசைக்கு அழைத்து வருகிறோம். பயம் வேறு. 2012இல் இஸ்ரேலில் செய்த ஆய்வொன்றில், அறுவைக்கு முன் அதிகப் பதற்றத்தில் இருந்த பெண்களுக்குப் பிபி அதிகமாக இறங்கியது. நாடித்துடிப்பு எண் இதையெல்லாம் ஒன்றாகக் குழைத்து ஒரே இலக்கமாகக் காட்டுகிறது. பயனில்லை என்று சொல்லமாட்டேன். இலவசமாகக் கிடைக்கும் தகவல், மழுங்கலான தகவல்.

அடுத்தது எனக்குப் பிடித்தது: மல்லாத்திப் பார்க்கும் சோதனை. 1996இல் வந்தது. நிறைமாதப் பெண்ணை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து நாடி, பிபி எடுக்க வேண்டும். பிறகு சில நிமிடம் மல்லாந்து படுக்கச் சொல்லி மறுபடி எடுக்க வேண்டும். நாடித்துடிப்பு 10க்கு மேல் ஏறினாலோ, அவர் கால்களை மடக்கி அசைத்துக்கொண்டே இருந்தாலோ சோதனை பாசிட்டிவ். கர்ப்பப்பையின் அழுத்தத்தைச் சமாளிக்க அவர் உடம்பு எவ்வளவு திணறுகிறது என்பதை இது நேரடியாகப் பார்க்கிறது. முந்தின நாள் வார்டிலேயே செய்துவிடலாம், செலவு ஒன்றும் கிடையாது. அதற்கும் நேரமில்லையா? ஒரு கேள்வி கேட்டால் போதும். "மல்லாக்கப் படுத்தா எப்படிம்மா இருக்கும்?" சிலர் யோசிக்காமல் சொல்வார்கள்: "மூச்சு முட்டும் மேடம், கண்ணு இருட்டிக்கும். ஏழாம் மாசத்துல இருந்தே ஒருக்களிச்சுதான் படுக்கறேன்." அந்தப் பதிலை நான் எந்த எண்ணையும்விடக் கவனமாகக் குறித்துக்கொள்கிறேன். சோதனையின் குறையும் தெளிவு. பாசிட்டிவ் என்றால் நம்பலாம். நெகட்டிவ் என்றால் நிம்மதியாக இருக்க முடியாது. பிபி இறங்கப்போகிற பலர் இதில் நழுவிவிடுவார்கள்.

இப்போது அந்த ஆக்சிமீட்டர். விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவோடு இன்னொரு எண்ணையும் கணக்கிட முடியும்: துடித்து ஓடும் ரத்தத்தின் சிக்னல், துடிக்காத பகுதியின் சிக்னலில் எத்தனை சதவீதம் என்பது. பெர்ஃபியூஷன் இண்டெக்ஸ் என்று பெயர், சுருக்கமாகப் பிஐ. விரல் நுனிக் குழாய்கள் தளர்ந்திருந்தால் எண் கூடும், இறுகினால் குறையும். குழாய்கள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் பெண்ணுக்கு ஸ்பைனல் போட்டால் ரத்தம் இன்னும் கீழே போய்த் தேங்கும் என்பது தர்க்கம். 2013இல் ஜப்பானியக் குழு ஒன்று 35 பெண்களில் இதைப் பார்த்தது. 3.5 என்ற எல்லைக் கோட்டை வைத்தால் பிபி இறங்கியவர்களில் 81 சதவீதம் பேரைப் பிடித்தது. இறங்காதவர்களில் 86 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. அழகான எண்கள். பிறகு இந்தியாவிலும் 3.5 எல்லையை வைத்து ஆய்வுகள் வந்தன, 2017இல் வந்த ஒன்று சாதகமாகவே இருந்தது. விற்பனைப் பிரதிநிதிகள் காட்டும் தாள்கள் பெரும்பாலும் இவைதாம்.

அவர்கள் காட்டாத தாளும் உண்டு. 2015இல் ஜப்பானிலிருந்தே வந்த ஆய்வு நாடித்துடிப்பு, அதன் ஏற்ற இறக்கம், பிஐ எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துச் சோதித்தது. அதில் பிஐ உதவவில்லை. கொஞ்சமாவது உதவியது பழைய நாடித்துடிப்புதான். எங்கள் துறையில் இப்படித்தான் நடக்கும்: சின்னக் கூட்டத்தில் செய்த முதல் ஆய்வு பளிச்சென்று இருக்கும், அடுத்தடுத்து வருபவை மங்கும். அதோடு பிஐ எண் சூழ்நிலைக்கு ரொம்பவே மசியும். ஏசியைப் பதினெட்டில் வைத்த தியேட்டரில் விரல் சில்லிட்டு எண் பாதியாகும். பயந்தால் இறங்கும். வளைகாப்புக்கு வைத்த மருதாணி அடர்த்தியாக இருந்தால் சிக்னலே சரியாக வராமல் வேறு விரலுக்கு மாற்ற வேண்டியிருக்கும். 3.5க்கும் 3.2க்கும் நடுவில் ஒரு பெண்ணின் சிகிச்சையை முடிவு செய்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

நாடித்துடிப்பின் நுண்ணிய ஏற்ற இறக்கத்தை அலசும் முறை ஜெர்மனியின் கீல் நகரத்திலிருந்து 2005 வாக்கில் வந்தது. 1898இல் ஆகஸ்ட் பியர் உலகின் முதல் ஸ்பைனலைப் போட்டதும் அதே கீலில்தான். தாழ்ந்த அலைவரிசைக்கும் உயர்ந்த அலைவரிசைக்கும் உள்ள விகிதம் 2.5க்கு மேல் போனால் ஆபத்து என்றார்கள். நல்ல ஆராய்ச்சி. ஆனால் தனி மென்பொருள் வேண்டும், பல நிமிடம் அசையாமல் ஒரே சீராக மூச்சுவிடும் நோயாளி வேண்டும். அரசு மருத்துவமனையில் ஒரு காலையில் வரிசையாக சிசேரியன் நடக்கும் மேசையில் அந்த அமைதி எங்கே கிடைக்கும்?

அல்ட்ராசவுண்டை வேகமாகக் கடந்துவிடலாம். பெரிய சிரை மூச்சுக்கு மூச்சு எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பது ஐசியுவில் பழக்கம். நிறைமாத வயிற்றுக்கு மேலே புரோபை வைத்து அதைத் தேடினால் சரியான படம் கிடைப்பதே கஷ்டம். கிடைத்தாலும் கணிப்பு தேறவில்லை. கால்களைத் தூக்கிப் பிடித்து இதயத்திலிருந்து வெளியேறும் ஓட்டம் எவ்வளவு கூடுகிறது என்று எக்கோவில் அளப்பது அதைவிட நன்றாக வேலை செய்கிறது. அதற்கு எக்கோ கை பழகிய ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால் அவர் அந்த ஐந்து நிமிடத்தில் செய்ய வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன.

கடைசியாகச் செயற்கை நுண்ணறிவு. ரத்த அழுத்த அலையின் வடிவத்தை அலசிச் சில நிமிடம் முன்பே எச்சரிக்கும் ஹைப்போடென்ஷன் பிரெடிக்ஷன் இண்டெக்ஸ் என்ற கருவி சந்தையில் இருக்கிறது. அதன்மேல் வந்த முக்கியமான விமர்சனம்: பயிற்சிக்கு எடுத்த தரவில் இரண்டும்கெட்டான் பகுதிகள் விலக்கப்பட்டிருந்தன, அதனால் கருவி பெரும்பாலும் இப்போதைய பிபி எவ்வளவு என்பதையே வேறு எண்ணாகத் திருப்பிச் சொல்கிறது. ஸ்பைனலில் பிபி விழுவதற்கு எடுக்கும் நேரமே சில நிமிடம். அதற்குள் அலாரம் அடிக்க ஒரு பெரிய பெட்டியா?

எல்லாக் கணிப்புகளுக்கும் பொதுவான ஒரு சிக்கலை ஆய்வுக் கட்டுரைகள் அதிகம் பேசுவதில்லை. இவை அனைத்தும் ஊசிக்கு முன்னால் அளக்கப்படுபவை. பிபி எவ்வளவு இறங்கும் என்பதில் பெரும் பங்கு ஊசி போடும்போதும் அதன் பின்னும் முடிவாகிறது: எவ்வளவு மருந்து போட்டோம், எவ்வளவு வேகமாக, உட்காரவைத்தா படுக்கவைத்தா, மரப்பு காம்பு மட்டத்தில் நின்றதா கழுத்தெலும்பு வரை ஏறியதா, மேசையை இடப்பக்கம் சாய்த்தோமா. இவை எதுவும் விரலில் மாட்டிய கருவிக்குத் தெரியாது.

சரி, பிஐ பற்றி வந்ததில் அழகான எண்களையே நம்பி ஒரு கணக்குப் போடுவோம். நூறு பெண்கள். தடுப்பு இல்லாவிட்டால் அறுபது பேருக்குப் பிபி இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். 81 சதவீதம் என்றால் அறுபதில் 49 பேரைக் கருவி பிடிக்கும், 11 பேரை விட்டுவிடும். இறங்காத நாற்பது பேரில் 86 சதவீதம், அதாவது 34 பேரைச் சரியாக விலக்கும். 6 பேரை வீணாகப் பயமுறுத்தும். இப்போது "உங்களுக்குப் பயமில்லை" என்று கருவி சொன்ன கூட்டத்தை மட்டும் பாருங்கள். 34ம் 11ம், மொத்தம் 45 பேர். அவர்களில் 11 பேருக்குப் பிபி இறங்கப்போகிறது. கிட்டத்தட்ட நாலில் ஒருவர்! பயமில்லை என்று முத்திரை குத்திய பெண்களில் நாலில் ஒருவர் மேசையில் வாந்தி எடுப்பார் என்றால், அந்த முத்திரையை நம்பி நான் மருந்தை நிறுத்திவைக்க முடியுமா? பிரச்சினை அரிதாக இருக்கும் இடத்தில்தான் சோதனை சொல்லும் "வராது" என்ற பதில் ஜொலிக்கும். பாதிக்கு மேல் பேருக்கு வரும் பிரச்சினையில் அதற்கு மதிப்புக் குறைவு.

இனி மூன்றாவது வழி. 2018இல் வெளியான சர்வதேச ஒருமித்த கருத்து அறிக்கை இதைத்தான் சொல்கிறது: ஸ்பைனல் போடும் எல்லாப் பெண்களுக்கும் ரத்தக் குழாயை இறுக்கும் மருந்தைத் தடுப்பாகவே கொடுங்கள், ஃபீனைலெஃப்ரின் என்றால் ஊசி போட்ட உடனே நிமிடத்துக்கு 25 முதல் 50 மைக்ரோகிராமில் தொடங்கி, பிபிக்கும் நாடிக்கும் ஏற்பக் கூட்டிக் குறையுங்கள், மேல் பிபி அடிப்படையில் 90 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், 80 சதவீதத்துக்குக் கீழே விடவே விடாதீர்கள். 120 உள்ளவருக்கு 108, 96 என்று ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டால் எல்லோருக்கும் தெளிவு.

கணக்கும் எளிது. இங்கே ஃபீனைலெஃப்ரின் 10 மில்லிகிராம் ஆம்பியூலாகக் கிடைக்கிறது. அதை 100 மில்லி சலைனில் கலந்தால் மில்லிக்கு 100 மைக்ரோகிராம். பம்ப்பில் மணிக்கு 30 மில்லி வைத்தால் நிமிடத்துக்கு 50 மைக்ரோகிராம், 15 மில்லி என்றால் 25. பம்ப் இல்லாதவர்கள் மைக்ரோ டிரிப் செட்டில் ஓட்டுவதுண்டு. மில்லிக்கு 60 சொட்டு என்பதால் நிமிடத்துக்கு 30 சொட்டு, மணிக்கு 30 மில்லி. வசதிதான். ஆனால் பக்கத்து சலைனை வேகப்படுத்துவதாக நினைத்து யாராவது சொட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தவறான ரோலரைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பம்ப் வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஆம்பியூலிலிருந்து கலக்காமல் நேரே 1 மில்லி போட்டுவிட்டால் வழக்கமான ஒரு டோஸைப்போல நூறு மடங்கு. அதனால் கலந்த பாட்டிலில் பெரிய எழுத்தில் லேபிள், கலந்தவர் கையெழுத்து. இதில் சமரசம் கூடாது.

எல்லோருக்கும் கொடுப்பதில் நஷ்டம் இல்லையா? உண்டு. பிபி இறங்கப்போகாத நாற்பது பேருக்கும் மருந்து ஓடும். சிலருக்கு பிபி 150க்கு ஏறும், அனிச்சையாக நாடி 50க்கு இறங்கும். மருந்தை நிறுத்தினால் சில நிமிடத்தில் தணிந்துவிடும், ஏனென்றால் ஃபீனைலெஃப்ரின் வெகு நேரம் நிற்காது. நாடி இறங்குவது பிடிக்காதவர்கள் அதே வேலையைச் செய்யும் நார்அட்ரினலினுக்கு மாறுகிறார்கள். 2015இல் ஹாங்காங்கில் செய்த ஆய்வுக்குப் பிறகு அந்தப் பக்கம் ஆர்வம் கூடியிருக்கிறது. பிபியை ஏற்றும் இன்னொரு மருந்தான எஃபெட்ரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டுகிறது, அதனால் அது முதல் தேர்வாக இல்லை. ஊசிக்கு முன் 4 மில்லிகிராம் ஆன்டன்செட்ரான் கொடுப்பது கொஞ்சம் உதவுகிறது, குமட்டலுக்கும் நல்லது. இவை எதுவும் தனியாகப் பிரச்சினையை ஒழித்துவிடவில்லை. நூற்றிருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசிய காக்ரேன் அமைப்பின் தொகுப்பும் அதையே சொன்னது.

அப்படியானால் கணிப்புக்கு வேலையே இல்லையா? இரண்டு இடத்தில் உண்டு.

ஒன்று, தடுப்பு மருந்தே ஆபத்தாகக்கூடிய பெண்கள். கர்ப்பகால ரத்தக் கொதிப்பு தீவிரமாக உள்ளவர்களுக்கு ஸ்பைனல் போட்டால் பிபி தடாலென்று விழும் என்று ஒரு காலத்தில் பயந்தார்கள். 2003இல் பிரான்சில் செய்த ஆய்வு நேர்மாறாகக் காட்டியது: ஆரோக்கியமான பெண்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குப் பிபி இறங்கும் ஆபத்து கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்குதான். அவர்களுக்கும் மற்றவர்களுக்கு வைக்கும் அதே வேகத்தில் ஃபீனைலெஃப்ரின் ஓட்டினால் 160 இருந்த பிபி 200க்குப் போகலாம், மூளையில் ரத்தம் கசியலாம். இங்கே கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும் நோயின் பெயரே சிறந்த கணிப்பு. மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு, இறங்கினால் மட்டும் சின்ன அளவில் தொடங்கலாம். பிரசவ வலி நன்றாகத் தொடங்கிய பின் அவசரமாக மேசைக்கு வருபவர்களுக்கும், முன்கூட்டித் தேதி குறித்து வருபவர்களைவிடப் பிபி குறைவாகவே இறங்குகிறது. அவர்களுக்குக் குறைந்த வேகத்தில் தொடங்குவது புத்திசாலித்தனம்.

இரண்டு, பம்ப்பும் ஆளும் பற்றாத இடம். ஒரே மயக்க மருத்துவர் இரண்டு ஊருக்கும் ஓடும் தாலுகா மருத்துவமனைகளில் பிபியை ஏற்றும் மெஃபென்டர்மின் ஊசிதான் இன்றும் கை கொடுக்கிறது. பத்து மில்லி சிரிஞ்சில் கலந்து தயாராக வைத்து, 3 முதல் 6 மில்லிகிராம் வரை தேவைப்படும்போது கொடுப்பார்கள். அங்கே கணிப்பு உண்மையிலேயே உதவும்: யாருக்கு இரண்டாவது வெயின்ஃப்ளான் (சிரைக்குள் வைக்கும் குழாய்) போட வேண்டும், யார் பக்கத்தில் ஸ்டாஃப் நர்ஸை நிறுத்த வேண்டும், யாருக்கு ஊசி போட்ட உடனே முதல் டோஸைக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்ய. அதற்கு மல்லாந்து படுக்கும் கேள்வியும் நாடித்துடிப்பும் போதும். பிஐ வேண்டுமென்றால், ஏற்கெனவே இருக்கும் மானிட்டரின் மெனுவைத் தோண்டிப் பாருங்கள். பல கம்பெனி மானிட்டர்களில் அந்த எண் உள்ளே இருக்கிறது, யாரும் திரையில் கொண்டுவந்து வைப்பதில்லை. நண்பரிடமும் முதலில் இதைத்தான் தேடச் சொன்னேன். இருந்தது.

ஆகவே அவருக்கு நான் எழுதிக்கொடுத்த பட்டியல் இது: சிரிஞ்ச் பம்ப் இரண்டு, ஒன்று பழுதானால் மற்றொன்று இருக்க. ஃபீனைலெஃப்ரின் ஆம்பியூல்கள், அதற்கான லேபிள்கள். குழந்தை வெளியே வரும்வரை பிபி நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும்படி மானிட்டர் செட்டிங். மெஃபென்டர்மினும், நாடி ரொம்ப இறங்கினால் ஏற்றும் அட்ரோபினும் எப்போதும் தட்டில். வார்டிலேயே இரண்டு மூன்று முறை எடுத்த அடிப்படை பிபியின் சராசரி, கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில். பணம் மிஞ்சினால் ஆக்சிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை.

ஒன்றைச் சேர்க்க மறந்துபோய் அப்புறம் மறுபடி கூப்பிட்டுச் சொன்னேன். இந்தக் கணிப்பு ஆய்வுகளில் பெரும்பாலானவை குழந்தை வெளியே வரும்வரைதான் பார்க்கின்றன. வந்த பிறகு இரண்டாவது சரிவு ஒன்று காத்திருக்கிறது, அதை உண்டாக்குவது நாம்தான். குழந்தை அழும் சத்தம் கேட்டதும், கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசினை 5 யூனிட், 10 யூனிட் என்று ஒரே அழுத்தாக அழுத்திவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது குழாய்களைத் தளர்த்தி பிபியைக் கவிழ்க்கும், நாடியை எகிறவைக்கும். 2019இல் வந்த சர்வதேசப் பரிந்துரை, முன்கூட்டித் திட்டமிட்ட சிசேரியனுக்கு 1 யூனிட்டும், வலி தொடங்கிய பின் செய்வதற்கு 3 யூனிட்டும் முதல் டோஸாகப் போதும் என்கிறது. 3 யூனிட்டை அரை நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாகக் கொடுத்துவிட்டு மீதியைச் சொட்டு மருந்தாக ஓட்டலாம். ஃபீனைலெஃப்ரினைக் குழந்தை வந்தவுடன் பட்டென்று நிறுத்தாமல், ஆக்சிடோசின் உள்ளே போய் பிபி நிலைத்த பிறகு குறையுங்கள் என்று அவருடைய தியேட்டர் சிஸ்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைத்திருக்கிறேன்.